மலைக்காற்றில் ஆறு கம்பி

(சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்த மாரமங்கலத்தில் கிட்டார் பழகும் இளைஞர்களுக்கும் அவர்களைப் பெற்றோருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அக்கூஸ்டிக் கிட்டாரில் எஃகுக் கம்பி ஆறையும் முறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டால், அவை ஒன்றாக இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். வாசிப்பவர் தூங்கப் போனாலும் அந்த இழுப்பு நிற்காது. அதைத் தாங்குவது ஒரு மரக் கழுத்தும், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள மேல்பலகையும்தான். பழகுகிற பிள்ளையின் விரல் நுனியும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பை எதிர்த்தே அழுத்த வேண்டியிருக்கிறது.

கிட்டார் வாங்கப் போகிற வீட்டார் நிறத்தைப் பார்க்கிறார்கள், பெயரைப் பார்க்கிறார்கள், விலையைப் பேசுகிறார்கள். என்ன கம்பி ஏறியிருக்கிறது என்று கேட்பவர் அரிது. கடையில் மாட்டியிருந்த கம்பியோடேயே கிட்டார் மலையேறி வந்து சேர்கிறது. முதல் வாரம் ஆசை; இரண்டாம் வாரம் விரல் எரிச்சல்; மூன்றாம் மாதம் பரண். ‘இவனுக்கு இசை வராது’ என்று வீட்டில் தீர்ப்பும் சொல்லியாகிவிடுகிறது. அந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் இந்தப் பேச்சு. பாதியில் விட்ட பிள்ளைகள் பலருக்குக் காதிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. அவர்கள் கிட்டாருக்கும் விரலுக்கும் இந்த மலையின் காற்றுக்கும் பொருந்தாத கம்பியோடு மல்லுக்கட்டித் தோற்றவர்கள். அதை மாற்ற ஆகும் செலவு கிட்டார் விலையில் மிகச் சிறிய பங்கு.

கம்பியைப் பற்றிய பேச்சு கிட்டாரிலிருந்தே தொடங்க வேண்டும். கடையில் ஒரே வரிசையில் தொங்கும் கிட்டார்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று நைலான் கம்பிக்கென்று செய்த கிளாசிக்கல் கிட்டார். மற்றது எஃகுக் கம்பிக்கென்று செய்த, கடைகளில் அக்கூஸ்டிக் என்றே வழங்கும் கிட்டார். கண்ணாலேயே பிரித்துச் சொல்லிவிடலாம். கிளாசிக்கலின் கழுத்து, தலைப்பகுதிக்கு அருகே கம்பிகளைத் தாங்கும் நட் இருக்குமிடத்தில் 52 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். எஃகுக் கிட்டாரில் 43 அளவில்தான். கிளாசிக்கலின் தலைப்பகுதியில் நீளவாக்கில் இரண்டு பிளவுகள் வெட்டி, அவற்றுக்குள் உருளைகள் ஓடும். கீழே பிரிட்ஜில் கம்பியை முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள். எஃகுக் கம்பியின் முனையிலோ சிறிய உலோகக் குண்டு ஒன்று இருக்கும். அதைப் பிரிட்ஜின் துளைக்குள் இறக்கி, மேலே ஒரு பின்னைச் செருகிவிடுவார்கள். கழுத்து உடலோடு சேரும் இடம் கிளாசிக்கலில் 12ஆம் ஃப்ரெட். மற்றதில் பெரும்பாலும் 14.

இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. நைலான் செட் ஒன்றின் மொத்த இழுப்பு 40 கிலோ அளவே. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அந்தோனியோ டி டொரெஸ் வகுத்துக் கொடுத்த அமைப்பில்தான் இன்றைய கிளாசிக்கல் கிட்டார்கள் நிற்கின்றன. மேல்பலகையின் உட்புறத்தில் விசிறி மடிப்பாக ஒட்டிய மெல்லிய மரச் சட்டங்கள் அந்த 40 கிலோவுக்கே போதுமானவை. அதில் எஃகுக் கம்பியை ஏற்றினால் முதல் நாள் கணீரென்று கேட்கத்தான் செய்யும். சில வாரங்களில் பிரிட்ஜின் பின்புறம் பலகை புடைக்கும். கழுத்து முன்னால் வளையும். ஒருநாள் பிரிட்ஜே பெயர்ந்து கையோடு வரும். ‘நைலான் மந்தமாகக் கேட்கிறது, எஃகு போட்டுப் பார்’ என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய வாசிப்பாளர் சொன்னாலும், அதைக் கேட்கக் கூடாது. எதிர்ப்பக்கத் தவறில், அதாவது எஃகுக் கிட்டாரில் நைலான் போடுவதில், மரத்துக்குச் சேதமில்லை. சத்தம்தான் உள்ளடங்கிப் போகும்.

நைலான் வந்தது அண்மைக் காலத்தில்தான். அதுவரை ஐரோப்பாவில் கிட்டாருக்கு ஆட்டுக் குடல் நரம்பு. இரண்டாம் உலகப் போரில் அந்த நரம்பு அறுவைச் சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் வினைஞர் நைலான் இழையில் கம்பி செய்து பார்த்தார். ஸ்பெயின் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா அதை ஏற்று வாசித்த பிறகு உலகமே ஏற்றுக்கொண்டது. எஃகின் கதை வேறு. ஜெர்மனியிலிருந்து 1833இல் அமெரிக்கா போன மார்ட்டின் குடும்பத்தின் பட்டறை, நரம்புக் கம்பிக்கான கிட்டார்களையே நெடுங்காலம் செய்துவந்தது. எஃகுக் கம்பிக்கென்றே உள்சட்டங்களைக் கெட்டிப்படுத்திய கிட்டாரை அது வழக்கமான தயாரிப்பாக வெளியிட்டது 1922இல்தான். எஃகு ஏறுவதற்கு முன் மரம் மாற வேண்டியிருந்தது என்பதே இதில் பார்க்க வேண்டியது.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு வகையும் ஒன்றோடொன்று கலந்தே காதில் விழுந்திருக்கின்றன. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராக வாசித்துத் திரிந்த இளையராஜா, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். அவர் இசையமைப்பாளர் ஆவதற்கு முன் ஒலிப்பதிவுக் கூடங்களில் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். அவர் இசையில் 1980இல் வந்த ‘மூடுபனி’ படத்தில் பிரதாப் போத்தன் கிட்டாரும் கையுமாக அமர, யேசுதாஸ் குரலில் ஒலிக்கும் பாட்டு. 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’யில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய நிலாப் பாட்டு. கிட்டாரைத் தொடுகிற தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இவற்றில் ஒன்றை வாசிக்க ஆசைப்பட்டே தொடங்குகிறார்கள். ஆசை அங்கே இருக்கிறது. தடை எஃப் கார்டில் வந்து நிற்கிறது. சுட்டுவிரலை முதல் ஃப்ரெட்டில் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒருசேர அழுத்த வேண்டிய கார்டு அது. தடித்த கம்பியும் உயர்ந்த நட்டும் உள்ள கிட்டாரில் பெரியவர் கைக்கே அது கடினம்.

இனி கம்பியின் கனம். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, ‘என்ன கேஜ்?’ கேஜ் என்பது கம்பியின் விட்டம். அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. செட்டின் பெயர் முதல் கம்பியை வைத்துத்தான் வழங்கும். ‘பன்னிரண்டு’ என்றால் முதல் கம்பி 0.012 அங்குலம், அதாவது 0.3 மில்லிமீட்டர். எக்ஸ்ட்ரா லைட் செட் 10இல் தொடங்கி 47இல் முடியும். கஸ்டம் லைட் 11 முதல் 52. லைட் 12 முதல் 53 அல்லது 54. மீடியம் 13 முதல் 56. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘லைட்’ என்று அட்டையில் போட்டிருப்பதால் அது இலேசான கம்பி என்று நினைத்துவிடுகிறார்கள். தேறிய விரல்களுக்கு அது இலேசுதான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அல்ல.

கனம் எப்படி வேலை செய்கிறது என்பதை 1636இலேயே மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதிவைத்துவிட்டார். கம்பி நீண்டால் சுரம் இறங்கும். இழுப்புக் கூடினால் ஏறும். ஆனால் சுரம் இரண்டு மடங்கு ஏற இழுப்பு நான்கு மடங்கு ஆக வேண்டும். கம்பியின் எடை கூடினால், அதே சுரத்துக்கு இழுப்பும் அதே விகிதத்தில் கூட வேண்டும். கிட்டாரில் நீளம் மாறாது. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 65 சென்டிமீட்டர் அளவு. முதல் கம்பி நொடிக்கு 330 அதிர்வு என்பதும் மாறாது. ஆகவே கம்பி தடித்தால் இழுப்புக் கூடியே தீரும். 12 கேஜ் முதல் கம்பியை அந்தச் சுரத்துக்குக் கொண்டுவர 10.5 கிலோ இழுப்பு வேண்டும். 10 கேஜுக்கு 7.3 கிலோ போதும். மயிரிழை வித்தியாசம் என்று கடையில் தோன்றுவது, விரலுக்கு 30 சதவீதப் பாரம் குறைவு.

மெல்லிய கம்பி சீக்கிரம் அறுந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. கம்பியின் எடை பாதியானால் அதைச் சுருதிக்குக் கொண்டுவரும் இழுப்பும் பாதியாகிவிடுகிறது. எனவே ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் எஃகின்மேலும் விழும் பாரம் ஒன்றேதான். ஒரே நீளத்தில் ஒரே சுரத்துக்கு நிற்கும் தடித்த எஃகும் மெல்லிய எஃகும் அறுபடும் எல்லையிலிருந்து ஒரே தொலைவில் நிற்கின்றன. மெல்லியது முதலில் அறுவதைப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. அறுப்பது துருவும், நட்டின் கூரான விளிம்பும், பிரிட்ஜின் பிசிறும். துரு தின்பது இரண்டிலும் ஒரே ஆழம் என்றாலும் மெல்லியதில் அது பெரும்பங்கு. ஆகவே கம்பி அடிக்கடி ஒரே இடத்தில் அறுந்தால் கனமான செட்டைத் தேடிப் போக வேண்டாம். அறும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், அங்கே ஒரு கூர்முனை கிடைக்கும். மெல்லிய உப்புத்தாளால் அதை மழுக்கினால் போதும்.

தடித்த கம்பிக்கு நியாயமே இல்லையா? இருக்கிறது. கனமான கம்பி பலகையை அதிகம் அசைக்கும், ஒலி பெரிதாகும், கீழ்ச்சுரங்கள் உருண்டு நிற்கும். தேவாலயத்திலோ திறந்த வெளியிலோ மைக் இல்லாமல் பத்துப் பேர் பாடுவதற்குப் பிக் பிடித்து அடிப்பவர் 12இல் இருப்பதே சரி. விரல்களால் மீட்டுபவருக்கு 11 அழகாக அமையும். புதிதாகத் தொடங்குகிறவர், சின்ன விரலுள்ளவர் 10இல் தொடங்கட்டும். ஓசை சற்றுக் குறையும். ஆனால் தினமும் அரை மணி வாசிக்கப்படும் சன்னமான கிட்டார், பரணில் கிடக்கும் முழங்குகிற கிட்டாரைவிட எவ்வளவோ மேல். கம்பியை மெலிதாக்கும்போது கழுத்தின் வளைவும் ஒரு துளி மாறும். ஃப்ரெட்டில் பட்டுக் கம்பி ரீங்காரமிட்டால், கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுத் திருகச் சேலத்தில் விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம்.

கம்பியை மாற்றவே முடியாத நிலையில் காசில்லாத வழி ஒன்று உண்டு. ஆறு கம்பியையும் அரைச்சுரம் இறக்கிவிட்டால் இழுப்பில் 11 சதவீதம் குறையும். முழுச்சுரம் இறக்கினால் 21 சதவீதம். அரைச்சுரம் இறக்கி, கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை முதல் ஃப்ரெட்டில் பூட்டினால் சுரம் பழைய இடத்துக்கே வந்துவிடும். கூடவே உயர்ந்த நட்டின் தொல்லையும் தீரும். மலிவான கிட்டார்களில் நட் பெரும்பாலும் உயரமாகவே விடப்பட்டிருக்கும் என்பதால், இந்த ஒரு தந்திரத்தாலேயே எஃப் கார்டு எட்டிவிடக்கூடும்.

உயரத்தையும் அளந்து பாருங்கள். 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஆறாம் கம்பி இரண்டு முதல் இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் நல்லது. முதல் கம்பி அதைவிட அரை மில்லிமீட்டர் தாழ இருக்கலாம். நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் கம்பி நிற்கும் கிட்டாரில் எந்த கேஜ் போட்டும் பயனில்லை. அதன் சாடில் என்னும் எலும்பு அல்லது பிளாஸ்டிக் பட்டையை அடியில் தேய்த்துக் குறைக்க வேண்டும்.

கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்க விரும்புகிறவர்களுக்குக் கம்பித் தேர்வு இன்னும் கூர்மையாகிறது. வீணையில் வாசிக்கும் நான்கு தந்திகளுக்கும் தனித்தனிப் பெயரே உண்டு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். மரபாக முதல் இரண்டும் எஃகு, அடுத்த இரண்டும் பித்தளை. பலாமரத்தில் கடைந்து, மெழுகில் 24 மெட்டுகளை நிறுத்திய தஞ்சாவூர் வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே கமகம் பிறக்கிறது. ஒரே மெட்டில் நான்கைந்து சுரங்களை இழுத்துவிடலாம். கிட்டாரில் அப்படி இழுக்க விரல் படும் பாடு பெரிது. அக்கூஸ்டிக் செட்டில் மூன்றாம் கம்பிகூடச் சுற்றுக்கம்பியாக, 24 கேஜ் அளவில், 13 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டு நிற்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் கம்பியையும் மரத்தையும் சேர்த்தே மாற்றினார்கள். ஜான் மெக்லாக்லின் 1970களின் நடுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்த அக்கூஸ்டிக் கிட்டார், ஏப்ரகாம் வெக்டர் என்ற வினைஞர் அவருக்கென்றே செய்தது. அதில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள்; வீணையைப் போல விரல் மரத்தில் உராயாமல் கம்பியை இழுக்க அது இடம் கொடுத்தது. ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு கம்பிகள் தனியே சுருதிக்கு நின்றன. ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட் வேறு வழியில் போனார். கிட்டாரை மடியில் படுக்க வைத்து, கம்பிமேல் உருக்கு உருளையை வழுக்கிச் சுரம் எடுக்கும் மோகன வீணையில் மொத்தம் 20 கம்பிகள் வைத்தார். 1994இல் ரை கூடருடன் கிராமி விருதும் பெற்றார். மாண்டலினில் உ. ஸ்ரீநிவாஸ் செய்தது இதற்கு நேர்மாறு: இரட்டை இரட்டையாக இருந்த எட்டுக் கம்பிகளைக் கழித்து, மின் மாண்டலினில் ஒற்றைக் கம்பிகள் ஐந்தாக்கினார். கமகத்துக்குத் தடையாக இருந்ததை எடுத்துவிட்ட அந்தத் துணிவு போற்றத்தக்கது.

மாரமங்கலத்துப் பிள்ளை மரத்தைச் செதுக்க வேண்டியதில்லை. 10 கேஜ் செட் வாங்கி, அதிலுள்ள சுற்றுக்கம்பியான மூன்றாவதை விட்டுவிட்டு, 17 அல்லது 18 கேஜில் சுற்றில்லாத ஒற்றைக் கம்பியைப் போட்டால் மோகனமோ ஹம்சத்வனியோ ஓரளவு இழுத்து வாசிக்க வரும். விலை ஒன்று கொடுத்தாக வேண்டும். சாடில் சுற்றுக்கம்பிக்கு ஏற்ப வெட்டியிருப்பதால், மேல் ஃப்ரெட்டுகளில் மூன்றாம் கம்பி சற்றுச் சுருதி ஏறிப் பேசும். கமகத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கார்டு மட்டும் வாசிப்பவர் இந்த மாற்றத்தின் பக்கமே போக வேண்டாம்.

உலோகத்தைப் பற்றிக் கடைகளில் நடக்கும் வாதம் அதன் தகுதிக்கு மேல் நீள்கிறது. முதல் இரண்டு கம்பிகள் எல்லாச் செட்டிலும் வெறும் எஃகு. மற்ற நான்கில் எஃகு நடுநரம்பின்மேல் சுற்றிய உலோகம் மாறும். ‘80/20 பிரான்ஸ்’ என்று விற்பதில் செம்பு 80, துத்தநாகம் 20. உண்மையில் அது பித்தளை. புதிதில் பளீரென்று ஒலிக்கும், விரைவில் மங்கும். ‘பாஸ்பர் பிரான்ஸ்’ என்பது செம்போடு நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில் வெள்ளீயமும் துளி பாஸ்பரசும் சேர்ந்த வெண்கலம். டடாரியோ நிறுவனம் 1974இல் கிட்டாருக்குக் கொண்டுவந்தது. ஒலி சற்றுக் கதகதப்பு. நிறம் மாறுவதும் மெதுவாக. ஈட்டி மரத்தில் செய்த கிட்டாருக்கும் மகோகனியில் செய்ததற்கும் எது பொருந்தும் என்று பேசுவார்கள். பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானபோது மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அன்றிலிருந்து தென்னிந்திய மலைக்காடுகளின் மரம் உலகத்தின் நல்ல கிட்டார்களில் முதுகாகவும் விலாவாகவும் இருக்கிறது. ஆனால் ஐந்தாறாயிரம் ரூபாய்க்கு வாங்கிய கிட்டாரின் உடல் பெரும்பாலும் ஒட்டுப்பலகை. அதில் இந்த நுண்வேறுபாடு தேடுவது வீண். இந்த மலையில் பாஸ்பர் பிரான்ஸ் வாங்குங்கள். காரணம் ஒலியைவிடக் காற்று.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருவதற்குள் வெப்பம் ஏழெட்டு டிகிரி இறங்கிவிடுகிறது. எஃகு குளிர்ந்தால் சுருங்கும். மரம் நீளவாக்கில் அவ்வளவு சுருங்காது. ஆகவே சேலத்தில் சேர்த்த சுருதி ஏற்காட்டில் பெட்டியைத் திறந்தவுடன் சற்று ஏறியிருக்கும்.  அது கிட்டாரின் கோளாறு அல்ல. கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மெதுவாக வேலை செய்வது ஈரம். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு இதமான காற்று 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உள்ளது. சேர்வராயன் மலையில் மூடுபனி இறங்கிய நாளில் அது நூறை நெருங்கும். ஈரம் குடித்த மேல்பலகை உப்பும், பிரிட்ஜ் மேலெழும், கம்பி ஃப்ரெட்டை விட்டு உயரும். கோடையில் எளிதாக இருந்த எஃப் கார்டு ஐப்பசியில் எட்டாமல் போவதற்கு இதுதான் காரணம். பிள்ளைக்கு வித்தை மறந்துவிடவில்லை. காப்பி பயிரிடும் மலைக்கு இதை விளக்கத் தேவையில்லை: சரியாகக் காயாத கொட்டையை மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள், கிட்டாரையும் அதே கண்ணோடு பார்த்தால் போதும். வெளிச்சுவரில் மாட்டக் கூடாது, உள்சுவரில் மாட்டலாம். பெட்டியில் வைத்தால் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, அவை ஈரமேறியதும் சூடுகாட்டி உலர்த்தித் திரும்பப் போடலாம்.

பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கிட்டாரையும் அடுப்பருகே வைத்தால் ஈரம் போகும் என்று தோன்றும். பறையின் தோல் அந்தச் சூட்டில் இறுகிக் குரல் கொடுக்கும். கிட்டாரின் பசையோ அந்தச் சூட்டில் இளகும். 70 கிலோ இழுப்பில் நிற்கும் பிரிட்ஜுக்கு அது ஒரு மாலையில் முடிவு கட்டிவிடும்.

ஈரத்தோடு வியர்வை உப்பும் சேர்ந்தால் எஃகில் துரு, வெண்கலத்தில் களிம்பு. சுற்றுக்களின் இடுக்கில் அழுக்கு ஏற ஏறக் கம்பியின் எடை ஒரே சீராக இல்லாமல் போய், எப்படிச் சேர்த்தாலும் சுருதி நிற்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் அடியிலும் துடைப்பது ஒரு நிமிட வேலை. கம்பியின் ஆயுளை நீட்டுவதில் அதற்கு இணையான மலிவான வழி இல்லை. களிம்பைப் போக்கப் புளியும் எலுமிச்சையும் வேண்டாம். பாத்திரத்துக்கு நல்லது செய்யும் அந்தப் புளிப்பு, சுற்றின் இடுக்கு வழியே உள்ளே புகுந்து நடுநரம்பு எஃகைத் தின்றுவிடும்.

கோட்டட் கம்பி என்று ஒன்று 1990களில் வந்தது. எலிக்சர் என்ற பெயரில் கோர் நிறுவனம் பரவலாக்கியது. கம்பிமேல் மிக மெல்லிய பாலிமர் உறை. ஈரமும் அழுக்கும் இடுக்கில் இறங்காது. விலை அதிகம். ஒரு செட் கோட்டட் வாங்கும் காசுக்குச் சாதாரண செட் இரண்டோ மூன்றோ வாங்கிவிடலாம். சேலத்தின் வறண்ட காற்றில் இருப்பவருக்கு இது ஆடம்பரம். மாரமங்கலத்தில் அப்படியல்ல. மூடுபனி மாதங்களில் சாதாரணக் கம்பி செத்துப்போகும் வேகத்தைப் பார்த்தால், ஐப்பசிக்கு முன் கோட்டட் ஒரு செட் ஏற்றுவது சிக்கனமே. பங்குனி, சித்திரையில் சாதாரண பாஸ்பர் பிரான்ஸ் போதும். பழைய, பலவீனமான கிட்டார் வைத்திருப்பவர்கள் ‘சில்க் அண்ட் ஸ்டீல்’ என்ற செட்டைக் கேட்டுப் பார்க்கலாம். நடுநரம்புக்கும் சுற்றுக்கும் இடையே இழை வைத்துச் செய்த அது இழுப்பும் குறைவு, ஒலியும் மென்மை. கிளாசிக்கல் கிட்டாருக்கு நார்மல் டென்ஷன் செட் போதும். நைலான் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. மழை நாளில் சுருதி அலைவது பொறுக்காதவர்கள், ஈரம் ஏறாத கார்பன் கம்பிகளை மேல் மூன்றுக்கு வாங்கலாம். டிரினிட்டி தேர்வு எழுத நினைக்கும் பிள்ளைகள் கிளாசிக்கலுக்கும் அக்கூஸ்டிக்குக்கும் தனித்தனித் தேர்வு என்பதை முதலில் பார்த்துவிட்டுக் கிட்டாரையும் கம்பியையும் முடிவு செய்வது நல்லது.

மாற்றும் நேரம் எது? கம்பியின் அடியில் நகத்தை ஓட்டினால் ஃப்ரெட் படும் இடங்களில் பள்ளம் தட்டுப்படும். 12ஆம் ஃப்ரெட்டின் நேர்மேலே விரலை இலேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அங்கேயே அழுத்தி எழுப்பும் ஒலியும் புதுக் கம்பியில் ஒத்துப்போயிருந்து இப்போது விலகினால் கம்பி முடிந்தது. தினமும் வாசிப்பவருக்கு இரண்டு மூன்று மாதத்தில் இது வந்துவிடும். வாசிக்காமல் தொங்கினாலும் இந்த மலையில் அதற்குப் பெரிய விலக்கு இல்லை.

மாற்றும்போது ஆறையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். ஒன்றைக் கழற்றி ஒன்றை ஏற்றினால் கழுத்தின் மேலுள்ள பாரம் திடீரென்று மாறாது. குண்டு முனை பிரிட்ஜின் அடிப்பலகையில் நன்றாக அமர்ந்ததா என்று கம்பியை மேலே இழுத்துப் பார்த்துவிட்டே பின்னை அழுத்த வேண்டும். முறுக்காணியில் தடித்த கம்பிக்கு இரண்டு சுற்று, மெல்லியதற்கு மூன்று நான்கு சுற்று, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். சுருதி சேர்த்ததும் கம்பியின் நடுவில் பிடித்து மெல்ல மேலே இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் புதுக் கம்பி இறங்கிக்கொண்டே போவது நிற்கும். முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தைக் கடைசியாகத்தான் வெட்ட வேண்டும், முதலிலேயே வெட்டினால் சுற்று நழுவும். சேலத்துக்கு இறங்கும்போது செட்டோடு முதல் கம்பியும் இரண்டாம் கம்பியும் தனியாக இரண்டிரண்டு வாங்கிவாருங்கள். முதலில் அறுவது அவைதான். உறையைப் பிரிக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கிட்டார் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.